ஒரு தொலைக்காட்சித் தொடர் குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்க ஏற்றதா என்பதை எப்படி முடிவு செய்கிறீர்கள்?

எங்கள் வீட்டில் இந்தக் கேள்வி ஆண்டுக்கு ஏழெட்டு முறைதான் எழும். ஆனால் எழும்போது பெரிய கேள்வியாகத்தான் எழும்.

குமரி மாவட்டத்தின் மேற்குக் கரையில், தூத்தூர் பக்கம் எங்கள் ஊர். என் கணவர் ஆழ்கடலுக்குத் தங்கல் தொழிலுக்கு, அதாவது நாட்கணக்கில் கடலிலேயே தங்கி மீன் பிடிக்கப் போகிறவர். விசைப்படகு, எங்கள் பேச்சில் ‘போட்டு’, கிளம்பினால் கரை திரும்ப ஒரு மாதம், சில வேளை நாற்பது நாள்கூட ஆகும். திரும்பி வந்தால் நாலைந்து நாள் வீட்டில் இருப்பார். அந்த நாலைந்து இரவுகளில்தான் அவருடைய அம்மாவான மாமி, அவர், நான், ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகன், இரண்டாம் வகுப்பு படிக்கும் மகள் என ஐந்து பேரும் ஒரே அறையில் ஒரே பெட்டியின் முன் உட்காருவோம். மற்ற நாட்களில் ஆளுக்கொரு பக்கம், ஆளுக்கொரு போன். ஆகவே தவறான ஒன்றைப் போட்டுவிட்டால் அந்த இரவு போனது போனதுதான். அடுத்த வாய்ப்பு ஒன்றரை மாதம் கழித்து.

முதலில் நான் நம்பியது திரையின் மூலையில் வரும் எழுத்தை. ஓடிடி தளங்களுக்கு 2021-இல் வந்த விதிகளின்படி ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் யு, யு/ஏ 7+, யு/ஏ 13+, யு/ஏ 16+, ஏ என்று ஐந்தில் ஒரு வகை குறிக்க வேண்டும். அதோடு வன்முறையா, கெட்ட வார்த்தையா, போதைப் பொருளா, எதனால் அந்த வகை என்றும் தொடக்கத்தில் காட்ட வேண்டும். காட்டத்தான் செய்கிறார்கள். ஆனால் அது வந்து மறையும் சில விநாடிகளில்தான் எங்கள் வீட்டில் யாராவது சிப்ஸ் டப்பாவைத் திறந்துகொண்டிருப்பார்கள். இப்போது அந்த இடத்தில் நிறுத்தி வைத்துப் படிக்கிறேன். வயது எண்ணைவிட அதன் பக்கத்தில் இருக்கும் அந்த இரண்டு மூன்று சொற்கள்தான் எனக்கு உதவுகின்றன. ஒரு 13+ சண்டையால் 13+ ஆகியிருக்கும். இன்னொன்று தற்கொலைக் காட்சியால் ஆகியிருக்கும். இரண்டும் ஒன்றா?

13+ முதல் மேலே உள்ளவற்றுக்குப் பெற்றோர் பூட்டு வசதி தர வேண்டும் என்பதும் அதே விதியில் இருக்கிறது. நானும் பூட்டினேன். ரகசிய எண்ணாக எங்கள் போட்டின் பதிவு எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களை வைத்தேன். மகன் இரண்டே நாளில் கண்டுபிடித்துவிட்டான். கேட்டபோது, பதினாறுக்கு இன்னும் ஒன்றரை வயதுதானே குறைகிறது என்று கடற்கரையில் மீன் ஏலம் கேட்பவன் மாதிரி பேரம் பேசினான். எண்ணை மாற்றிவிட்டேன், அது வேறு கதை.

சேனலில் வரும் சினிமாவைப் பற்றி நான் அதிகம் கவலைப்படுவதில்லை. தியேட்டரில் ‘ஏ’ சான்றிதழ் வாங்கிய படத்தை அப்படியே தொலைக்காட்சியில் போட முடியாது. வெட்டி, மறுபடியும் சான்றிதழ் வாங்க வேண்டும். பலரும் தலைகீழாக நினைக்கிறார்கள்: சினிமா என்றால் ஆபத்து, சீரியல் என்றால் குடும்பம் என்று. உண்மையில் இரவு எட்டு மணி சீரியலை யாரும் முன்கூட்டியே பார்த்துச் சான்றிதழ் கொடுப்பதில்லை. கேபிள் தொலைக்காட்சிக்கான 1994-ஆம் ஆண்டு விதிகளில் ஒரு நிகழ்ச்சி நெறி இருக்கிறது. குழந்தைகளுக்கு ஒவ்வாததைக் குழந்தைகள் அதிகம் பார்க்கும் நேரத்தில் போடக் கூடாது என்றுகூட அதில் எழுதியிருக்கிறது. ஒளிபரப்பான பிறகு நாம் புகார் செய்யலாம். 2021-இல் திருத்திய விதிப்படி சேனல் பதினைந்து நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். ஒரு தொடரில் ஒரு பெண் மண்ணெண்ணெய் ஊற்றிக்கொள்ளும் காட்சியைத் திங்கள் முதல் புதன் வரை இழுத்தபோது நானும் ஒரு மின்னஞ்சல் அனுப்பினேன். மரியாதையான பதில் வந்தது. வியாழக்கிழமை அந்தப் பெண் மருத்துவமனையில் கண் விழித்தாள்.

எங்கள் வீட்டில் செபமாலை ஏழு மணிக்கு என்பது மாமியின் மாமியார் காலத்து வழக்கம். அதை ஆறரைக்கு நகர்த்திய பெருமை ஒரு சீரியலுக்கு உண்டு. அந்தத் தொடரில் முத்தம் கிடையாது, இரத்தம் கிடையாது, எல்லோரும் பட்டுப்புடவையோடுதான் தூங்கி எழுவார்கள். நான் சமையலறையில் நின்றே அதைப் பார்த்தேன், அதாவது கேட்டேன். ஒரு அறை விழுந்தால் மூன்று அறைச் சத்தம் வரும்; மூன்று கோணத்தில் காட்டுகிறார்கள் என்று அர்த்தம். மகள் அப்போது யூகேஜி. பாட்டியின் மடியில் படுத்துக்கொண்டு பார்ப்பாள். சுத்தமான குடும்பத் தொடர்தானே என்று நானும் விட்டுவிட்டேன்.

பிறகு மார்த்தாண்டத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போனோம். எங்கள் பக்கத்து விருந்துகளில் இலையில் போளியைப் போட்டு அதன் மேல் பால்பாயசம் ஊற்றுவார்கள் அல்லவா, அந்தக் கட்டம். என் தங்கை பாயசத்தோடு குனிந்தாள். மகள் இலையை இரண்டு கையாலும் மறைத்துக்கொண்டு, “சித்தி, முதலில் நீங்கள் குடியுங்கள்” என்றாள். தங்கைக்குப் புரியவில்லை. “விஷம் இருந்தால்?” என்று இவள் விளக்கம் கொடுத்தாள். பந்தியே சிரித்தது. என் தங்கை மட்டும் சிரிக்கவில்லை. அந்தச் சீரியலில் வில்லியாக வருகிறவளும் ஒரு சித்திதான்.

அன்றிலிருந்து எனக்கு முத்தக் காட்சிகள் மேல் இருந்த பயம் பாதியாகக் குறைந்துவிட்டது. முத்தம் வந்தால் என்ன ஆகிறது? கணவர் சார்ஜர் தேடுவார். மாமி தண்ணீர் கேட்பார். மகன் மின்விசிறியைப் பார்ப்பான். ஒரு நிமிடம் எல்லோருக்கும் கூச்சம், பிறகு கதை போய்விடும். சொந்தக்காரர்கள் எல்லோரும் பாயசத்தில் எதையாவது கலக்கக் காத்திருக்கிறார்கள் என்ற எண்ணம் அப்படிப் போவதில்லை. என்னைக் கேட்டால் கூச்சம் தருவதையும் கேடு செய்வதையும் நாம் ஒரே கணக்கில் எழுதிவிடுகிறோம். இதை எங்கள் மகளிர் குழுவில் சொன்னபோது இரண்டு பேர் என்னோடு ஒரு வாரம் பேசவில்லை.

குழந்தைகள் பாடும், ஆடும் போட்டிகளையும் இதே கண்ணால்தான் பார்க்கிறேன். பெரியவர்களுக்கு எழுதிய காதல் பாட்டுக்கு ஆறு வயதுக் குழந்தையை இடுப்பை வளைத்து ஆடவைப்பதைப் பற்றி மத்திய தகவல் ஒலிபரப்புத் துறையே 2019-இல் சேனல்களுக்கு அறிவுரை அனுப்பியது. அது ஒரு பக்கம். எனக்குத் தாங்காதது, தோற்ற பிள்ளையின் முகத்துக்கு நெருக்கமாகக் கேமராவைக் கொண்டுபோய், கண்ணீர் விழும்வரை காத்திருப்பது. என் மகள் அதைப் பார்த்தால் தானும் அழுகிறாள். நிறுத்திவிடுகிறேன்.

இனி, எந்த விதியும் எழுத்தும் உதவாத ஓர் இரவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

போன ஆண்டு, அவர் கரைக்கு வந்திருந்த இரண்டாம் நாள். மகளுக்காக ஒரு கார்ட்டூன் படம் போட்டேன். யு. முதியவர் முதல் சிறுவர் வரை எல்லோருக்கும் என்று அர்த்தம். பேசும் விலங்குகள், பாட்டு, சிரிப்பு. நடுவில் ஒரு கடல் வந்தது. சின்னப் படகு, இருட்டு, மதில் மாதிரி ஓர் அலை. படகில் இருந்தவர் கையை நீட்டுகிறார், இன்னொருவர் பிடிக்கப் பார்க்கிறார்.

“அடுப்பில் பால் வைத்திருக்கிறேன்” என்று மாமி எழுந்து போனார்.

அடுப்பில் பால் இல்லை. பாத்திரத்தைக் கழுவி நான்தான் கவிழ்த்து வைத்திருந்தேன். பின்னால் போய்ப் பார்த்தேன். விளக்குப் போடாமல், அடுப்புத் திண்டில் இரண்டு கையையும் ஊன்றி நின்றுகொண்டிருந்தார்.

2017 நவம்பர் 30, ஒக்கி புயல். மாமியின் இளைய மகன், என் கொழுந்தன், அந்த வாரம் கடலில் இருந்தான். என் கணவர் கரையில் இருந்தார். எங்கள் கரையோர ஊர்களில் இந்த இரண்டு வாக்கியங்களைச் சொன்னால் போதும், மீதியை யாரும் கேட்கமாட்டார்கள். மகள் அதற்குப் பிறகு பிறந்தவள். சுவரில் மாலை போட்ட படத்தில் இருக்கும் சித்தப்பாவைத்தான் அவளுக்குத் தெரியும்.

திரும்பி வந்தபோது கணவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். “இப்படி ஓர் அலைக்குப் போட்டை யாரும் குறுக்கே திருப்பமாட்டார்கள்” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். மகன் ரிமோட்டை எடுத்து அணைத்தான். ஒக்கி வந்தபோது அவனுக்கு விவரம் தெரிகிற வயது. மகள் மட்டும் ஏன் அணைத்தீர்கள் என்று அழுதாள்.

அந்தப் படத்துக்கு யு கொடுத்தவர்கள் மேல் தவறே இல்லை. படத்தில் என்ன இருக்கிறது என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள். யார் உட்கார்ந்து பார்க்கிறார்கள் என்பது எனக்குத்தான் தெரியும், நான்தான் யோசித்திருக்க வேண்டும். உங்கள் வீட்டில் அது கடலாக இருக்காது. சமீபத்தில் புற்றுநோயில் ஒருவரை இழந்திருக்கலாம். விவாகரத்து வழக்கு நடக்கும் மகள் வந்து தங்கியிருக்கலாம். குடியை விட்டு மூன்று மாதமான ஒருவர் இருக்கலாம். அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது, எல்லாச் சந்தோஷமும் கண்ணாடிக் கோப்பையோடு தொடங்கும் ஒரு தொடரைப் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை, கீழே எச்சரிக்கை வரி ஓடினாலும்.

ஆகவே இப்போது நான் செய்வது இவ்வளவுதான். அவர் கரைக்கு வருவதற்கு ஒரு வாரம் முன்பே இரண்டு மூன்று தொடர்களைக் குறித்துக்கொள்கிறேன். பிள்ளைகள் தூங்கிய பிறகு ஒவ்வொன்றிலும் மூன்றாம் பாகத்தைப் பார்ப்பேன். முதல் பாகம் கடைக்காரர் கூடையின் மேல் வரிசையில் அடுக்கும் மீன் மாதிரி, பளபளப்பாகத்தான் இருக்கும். மூன்றாவதில் கை விட்டால் சரக்கு தெரிந்துவிடும். பிறகு கடைசிப் பாகத்தின் கடைசிப் பத்து நிமிடத்தைப் பார்த்துவிடுவேன். முடிவைத் தெரிந்துகொண்டு கதை பார்ப்பது பாவம் என்று மகன் திட்டுகிறான். எனக்குப் பரவாயில்லை. தமிழ் டப்பிங் இருந்தால் அதில்தான் பார்ப்பேன், ஏனென்றால் வீட்டில் ஓடப்போவது அதுதான். மூல மொழியில் இல்லாத வசைகூட டப்பிங்கில் முளைத்திருப்பதைக் கண்டிருக்கிறேன். மாமி திருவனந்தபுரம் தூர்தர்ஷனில் மலையாளம் கற்றவர், மலையாளப் படமென்றால் மூலத்திலேயே போடலாம்.

அந்த தூர்தர்ஷன் காலத்தை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது. 1985-இல் மலையாள ஒளிபரப்பு தொடங்கிய பிறகு, எங்கள் தெருவில் பெட்டி இருந்த ஒரே வீட்டு ஆன்டெனா திருவனந்தபுரத்தைப் பார்த்தபடி நிற்கும். முப்பது பேர் தரையில் உட்கார்ந்திருப்போம் என்று என் அம்மா சொல்வார். வேண்டாத காட்சி வந்தால் அந்த வீட்டுத் தாத்தா பெட்டியின் மரக் கதவை இழுத்து மூடுவாராம். சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும். அந்தச் சத்தத்தை வைத்து முப்பது பேரும் என்னென்ன கற்பனை செய்தார்களோ.

முன்கூட்டிப் பார்ப்பதில் இன்னொரு வசதி: கதையைத் தள்ளிவைக்க வேண்டிய அவசியம் பல சமயம் வராது. என்ன வரும் என்று சொல்லிவிட்டாலே போதும். அந்த கார்ட்டூன் இரவுக்குப் பிறகு மாமி எது போட்டாலும் உட்காரும் முன் என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்கிறார்.

“மக்களே, கடல் வருமா?”

வந்தால் வரும் என்று சொல்வேன். பெரும்பாலும் அவர் தன் அறைக்குப் போய்விடுவார், நாங்களும் வற்புறுத்துவதில்லை. போன மாதம் ஒரு துப்பறியும் தொடர். “நாலாவது பாகத்தில் ஒரு படகு வரும் மாமி, மூழ்காது” என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு உட்கார்ந்தார். நாலாவது பாகம் தொடங்கியதும் ரிமோட்டை அவர் கையில் கொடுத்தேன். படகு வந்தது, போனது. அவர் எதையும் அழுத்தவில்லை.

“இந்த வள்ளத்துக்கு வர்ணம் சரியில்லை” என்றார். அவ்வளவுதான்.