சேலத்தில் ஐடி வேலை எப்படி மாறியிருக்கிறது?

கேள்வி: சேலத்தில் பிசிஏ மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். 20, 25 வருடத்தில் ஐடி வேலை எப்படி மாறியிருக்கிறது? நான் எதைக் கற்றுக்கொள்ள வேண்டும்?

பதில்:

செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக் கடையின் பில்லிங் மென்பொருளை வைத்தே சொல்கிறேன். கொலுசுக் கணக்கு அன்றும் இன்றும் ஒன்றுதான்: எடை, டச் (நூற்றில் எத்தனை பங்கு சுத்த வெள்ளி என்ற அளவு), கூலி. ஒரு கிலோ கொலுசு 80 டச் என்றால் சுத்த வெள்ளி 800 கிராம். அந்தக் கணக்கைக் கணினிக்குள் கொண்டுபோகும் விதம்தான் மாறிவிட்டது.

2000-ஐ ஒட்டிய வருடங்களில் இப்படி ஒரு மென்பொருளை விஷுவல் பேசிக் 6 என்ற நிரல் மொழி, ஆக்சஸ் என்ற டேட்டாபேஸ் இரண்டையும் வைத்து எழுதுவார்கள். எழுதியவரே சிடியோடு கடைக்குப் போய் இன்ஸ்டால் செய்வார். ஏதாவது ஓசிஎக்ஸ் கோப்பு (திரையின் பாகங்களைத் தரும் துணைக் கோப்பு) விண்டோஸில் பதிவாகவில்லை என்று பிழை காட்டும். அதைப் பதிவு செய்யும் ரெக்எஸ்விஆர்32 கட்டளையை ஓட்டிய பிறகே திரை திறக்கும். அதைவிடப் பெரிய தலைவலி டேட்டாபேஸ். ஆக்சஸ் எல்லாத் தரவையும் வைக்கும் எம்டிபி ஒற்றைக் கோப்பு, உச்ச அளவு 2 ஜிபி. மூன்று கணினிகள் அதைப் பகிர்ந்து திறந்திருக்கும்போது ஒன்றில் கரண்ட் போனால், பாதி எழுதியது பாதியிலேயே நின்று கோப்பே கெட்டுப்போகும். எல்லோரையும் மென்பொருளை மூடச் சொல்லி, கோப்பை நகல் எடுத்து, அப்புறம்தான் கோப்பைச் சரிசெய்யும் ‘காம்பாக்ட் அண்ட் ரிப்பேர்’ வசதியை ஓட்ட வேண்டும். நகல் எடுக்காமல் ஓட்டினால் மிச்சமிருப்பதும் போகலாம். 2012 மின்வெட்டுக் காலத்தில் யூபிஎஸ் இல்லாத கடையில் இந்த ஏற்பாட்டை நம்பவே முடியாது.

நிரலில் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிவு செய்து வைக்கும் கிட் 2005-லும், அமேசானின் வாடகை சர்வர் 2006-லும், மென்பொருளை அதற்குத் தேவையானவற்றோடு ஒரே பொட்டலமாகக் கட்டும் டாக்கர் 2013-லும் வந்தன. இன்று கடைக்காரருக்கு ஒரு பிரவுசர் போதும். ஜாகீர் அம்மாபாளையம் ஐடி பூங்காவிலோ, 2024-ல் கருப்பூர் பக்கம் திறந்த மினி டைடல் ஐடி பூங்காவிலோ உட்கார்ந்து திருத்தி அனுப்பினால், சோதனைகள் தானாக ஓடி, சில நிமிடத்தில் எல்லாக் கடைக்கும் போய்ச் சேரும். தவறும் அதே வேகத்தில் எல்லாக் கடைக்கும் போகும் என்பதுதான் இதில் இருக்கும் ஆபத்து.

உதாரணமாக, டேட்டாபேஸ் அட்டவணையில் கிராமில் இருக்கும் எடைக் கலத்தை (காலம்) மில்லிகிராமுக்கு மாற்றுகிறோம் என்று வையுங்கள். கலத்தின் பெயரை நேரடியாக மாற்றினால், இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் பழைய பதிப்பு அந்தக் கலத்தைத் தேடி உடைந்துவிடும். முதலில் புதிய கலத்தைக் காலியாகச் சேருங்கள். அடுத்த பதிப்பு இரண்டு கலத்திலும் எழுதட்டும். பிறகு பழைய வரிசைகளை 1000-ஆல் பெருக்கி, ரவுண்டு செய்து நிரப்புங்கள். ரவுண்டு செய்யாமல் தசமத்தை வெட்டினால் சில வரிசைகளில் ஒரு மில்லிகிராம் குறையும். படிப்பதைப் புதிய கலத்துக்கு மாற்றி, ஒரு வாரமாவது கணக்கு ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகே பழையதை நீக்குங்கள்.

மில்லிகிராம் எதற்கு என்றால், அதில் எடையைத் தசமமில்லாமல் முழு எண்ணாக வைக்கலாம். கணினி தசமத்தை 0, 1 மட்டும் உள்ள இரண்டடிமானத்தில் தோராயமாகத்தான் வைத்திருக்கிறது. ஜாவாஸ்கிரிப்ட்டில் 1.005-ஐ 100-ஆல் பெருக்கிப் பாருங்கள், 100.49999999999999 வரும். இரண்டு தசமத்துக்கு ரவுண்டு செய்தால் 1.01 வர வேண்டிய இடத்தில் 1.00 வந்து நிற்கும். விஷுவல் பேசிக் 6-லேயே இதற்காக ‘கரன்சி’ என்ற வகை இருந்தது. உள்ளே முழு எண்ணாகவே சேமித்து நான்கு தசமம் தரும். விவரம் தெரிந்தவர்கள் அதில்தான் எழுதினார்கள்.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தபின் பில்லிங் திரையை ஐந்து நிமிடத்தில் எழுதி வாங்கலாம். பார்க்க அழகாகவே இருக்கும். ஆனால் எடையைச் சாதாரண தசமத்தில் வைத்துக் கொடுத்துவிடலாம், கேட்காவிட்டால் சொல்லாமலும் விடலாம். என் பார்வையில் தொழிலின் பெரிய மாற்றமே இங்கேதான். புதிதாகச் சேர்பவர்கள் என்ட்ரி திரையும் ரிப்போர்ட்டும் எழுதித்தான் கை பழகினார்கள். அந்த வேலையை இப்போது இயந்திரம் செய்கிறது. எழுதி வந்ததைப் படித்து, எங்கே உடையும் என்று கண்டுபிடிப்பவரைத்தான் நிறுவனங்கள் தேடுகின்றன. முதல் நாளிலிருந்தே அதை எதிர்பார்ப்பது புதியவர்களுக்குக் கஷ்டமான காரியம்தான். அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

அதனால் ஃப்ரேம்வொர்க் (முன்பே கட்டிவைத்த நிரல் சட்டகம்) பின்னால் ஓடுவதற்கு முன் எஸ்க்யூஎல் (டேட்டாபேஸிடம் கேள்வி கேட்கும் மொழி), லினக்ஸ் கட்டளை, கிட், லாக் (மென்பொருள் தானே எழுதிவைக்கும் நடப்புப் பதிவு) படிப்பது ஆகிய நான்கிலும் கை வையுங்கள். எஸ்க்யூஎல்லில் அட்டவணைகளை இணைக்கும் ஜாயினும், பல மாற்றங்களை ஒன்றாக முடிக்கும் அல்லது ஒன்றாக ரத்து செய்யும் டிரான்ஸாக்‌ஷனும் தண்ணி பட்ட பாடாக வேண்டும். வரி விகிதத்தை நிரலுக்குள் எழுதாமல், எந்தத் தேதி முதல் எந்த விகிதம் என்று தனி அட்டவணையில் வையுங்கள். 2017 ஜூலை 1-ல் ஜிஎஸ்டி வந்தபோது நிரலுக்குள் எழுதியிருந்தவர்கள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

கல்லூரி ப்ராஜெக்டுக்கு இன்னொரு நூலக மேலாண்மை மென்பொருள் வேண்டாம். சிவதாபுரத்திலோ பனங்காட்டிலோ ஒரு கொலுசுப் பட்டறைக்குப் போய், அனுமதி கேட்டு அவர்கள் நோட்டைப் பாருங்கள். கொடுத்த வெள்ளி, திரும்பி வந்த கொலுசு, சேதாரம், கூலி பாக்கி. இந்த நான்கையும் டேட்டாபேஸில் கொண்டுவந்து, ஒரு மாதக் கணக்கை ஏற்றி, கடைசி மில்லிகிராம் வரை நோட்டோடு ஒத்துப்போகிறதா என்று சரிபாருங்கள். ஒத்துப்போகாத ஒவ்வொரு வரியையும் காரணத்தோடு எழுதி வையுங்கள். நேர்முகத் தேர்வுக்கு அந்தத் தாளையும் கையில் எடுத்துப் போங்கள்.