போர் தண்ணீருக்கு எந்த ஆர்ஓ வாங்குவது? அது உள்ளே என்னதான் செய்கிறது?

நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: வாடகை வீடு, போர் தண்ணீர், வாரத்துக்கு மூன்று கேன் வாங்கிக் கட்டுப்படியாகவில்லை. ஆர்ஓ மாட்டலாம் என்றால் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். அது எப்படி வேலை செய்கிறது, எதைப் பார்த்து வாங்குவது, உடம்புக்குக் கெடுதல் என்கிறார்களே, நிஜமா?

நான் சென்னை மேடவாக்கத்தில் ஒன்பது வருடமாக போர் தண்ணீரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். இப்போது இருப்பது இரண்டாவது மெஷின். முதலாவதை ஏமாந்து வாங்கினேன் என்று சொல்ல மாட்டேன், ஆனால் ஏமாற இருந்தேன். அந்தக் கதையிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் உங்கள் வீட்டுக்கும் ஒருவர் அதே பெட்டியோடு வருவார்.

டை கட்டிய பையன். வரவேற்பறை மேஜையில் இரண்டு கண்ணாடி டம்ளர் வைத்தார். ஒன்றில் எங்கள் குழாய்த் தண்ணீர், இன்னொன்றில் அவர் பாட்டிலில் கொண்டுவந்த ஆர்ஓ தண்ணீர். நான்கு குச்சிகள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு கருவியை இரண்டிலும் இறக்கி, பிளக்கில் சொருகி சுவிட்சைப் போட்டார். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. எங்கள் தண்ணீர் முதலில் பச்சையும் மஞ்சளுமாகக் கலங்கி, அப்புறம் செம்மண் குட்டைபோல் ஆகி, மேலே நுரையாகத் திரண்டது. அவருடைய டம்ளர் அப்படியே தெளிவாக இருந்தது. "இதைத்தான் மேடம் இத்தனை நாளா குழந்தைக்குக் குடுத்துட்டு இருக்கீங்க" என்றார். எனக்கு வயிற்றைப் புரட்டியது.

என் மாமியார் மட்டும் அசரவில்லை. பாட்டிலில் மீதியிருந்த ஆர்ஓ தண்ணீரை ஒரு வாய் குடித்துவிட்டு, "சப்புன்னு இருக்கே, ஒரு கல்லு உப்பு போட்டா தேவலை" என்றார். சும்மா சொன்னதுதான். ஆனால் அதைக் கேட்டதும் பள்ளிக்கூட வேதியியல் எங்கிருந்தோ எட்டிப் பார்த்தது. சமையலறையிலிருந்து ஒரு சிட்டிகை உப்பு எடுத்து வந்து அந்தத் தெளிந்த டம்ளரில் போட்டுவிட்டு, "இப்ப ஒருதரம் சுவிட்சைப் போடுங்க தம்பி" என்றேன். அவர் ஒயரைச் சுருட்ட ஆரம்பித்தார். நானே போட்டேன். அதுவும் செம்மண் குட்டை ஆனது.

விஷயம் இவ்வளவுதான். அந்தக் குச்சிகளில் இரண்டு இரும்பு, இரண்டு அலுமினியம். உப்பு கரைந்த தண்ணீரில் கரன்ட் பாயும். பாய்ந்தால் இரும்புக் குச்சி கரைந்து துருவாகும். நாம் பார்க்கும் அழுக்கு தண்ணீரில் இருந்ததே இல்லை, குச்சியிலிருந்து வந்தது. ஆர்ஓ தண்ணீரில் உப்பு மிகக் குறைவு, அதனால் கரன்ட் சரியாகப் பாயாது, அதனால் துருவும் இல்லை. தண்ணீர் நல்லதா கெட்டதா என்பதற்கும் இந்த வித்தைக்கும் சம்பந்தமே கிடையாது.

அதனால் எந்த மாடல் என்று கடையில் கேட்பதற்கு முன்னால், உங்கள் குழாயில் என்ன வருகிறது என்று பாருங்கள். சில நூறு ரூபாயில் பேனா மாதிரி ஒரு டிடிஎஸ் மீட்டர் கிடைக்கும். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவை, லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று காட்டும். என் வீட்டில் மே மாதம் 1,400ஐத் தாண்டும், வடகிழக்குப் பருவமழை முடிந்து டிசம்பரில் 800 சொச்சத்துக்கு இறங்கும். தினசரி காலண்டர் அட்டையின் பின்பக்கம் எழுதி வைத்திருக்கிறேன். எனவே மழைக்காலத்தில் ஒரே ஒருதரம் அளந்துவிட்டு முடிவு செய்யாதீர்கள். லாரித் தண்ணீரும் சம்ப்பில் கலக்கிறது என்றால் லாரி வந்த நாளில் ஒரு தடவை, வராத நாளில் ஒரு தடவை பாருங்கள்.

இந்தியக் குடிநீர்த் தரமான ஐஎஸ் 10500, டிடிஎஸ் 500 வரை இருந்தால் ஏற்கத்தக்கது என்கிறது. வேறு வழியே இல்லாத இடத்தில் 2,000 வரை அனுமதிக்கிறது. ஆக 600 என்று காட்டினால் அது விஷம் இல்லை, பதற வேண்டாம். அதேபோல் 150 காட்டினால் சுத்தமான தண்ணீர் என்றும் அர்த்தம் இல்லை. மீட்டர் அளப்பது கரன்ட் பாயும் திறனை மட்டும்தான். கிருமி அதற்குத் தெரியாது, பூச்சிமருந்து தெரியாது, கரைந்திருப்பது சுண்ணாம்பா ஃபுளூரைடா என்றும் தெரியாது. அதையெல்லாம் தெரிந்துகொள்ள ஒருமுறை ஆய்வகத்தில் கொடுத்துப் பாருங்கள். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகங்கள் மாவட்டங்களில் இருக்கின்றன. தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் போர் போட்டிருப்பவர்களுக்கு நான் இதைக் கட்டாயம் என்பேன். அங்கே நிலத்தடி நீரில் ஃபுளூரைடு அதிகம், ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். அளவு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் பல்லில் கறை, வருடக்கணக்கில் குடித்தால் எலும்பு வரை பாதிக்கும். காய்ச்சினாலும் ஃபுளூரைடு போகாது. தண்ணீர் வற்ற வற்ற இன்னும் கெட்டியாகத்தான் ஆகும்.

சரி, ஆர்ஓ உள்ளே என்ன செய்கிறது?

மாவடு போட்டிருக்கிறீர்களா? உப்பைப் போட்டுக் குலுக்கி ஜாடியில் வைத்தால், ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றாமலேயே நாலைந்து நாளில் ஜாடியில் நீர் விட்டிருக்கும், வடு சுருங்கியிருக்கும். உப்பு குறைவான பக்கத்திலிருந்து உப்பு அதிகமான பக்கத்துக்குத் தண்ணீர் தானாகவே போகும். நடுவில் இருக்கும் சவ்வு தண்ணீரை விடும், மற்றதை அவ்வளவாக விடாது. இதுதான் சவ்வூடு பரவல். இப்போது உப்புப் பக்கத்தில் பலமாக அழுத்தம் கொடுத்தால் என்ன ஆகும்? தண்ணீர் எதிர்த்திசையில், உப்பை விட்டுவிட்டு இந்தப் பக்கம் வந்தாக வேண்டும். அவ்வளவுதான் ரிவர்ஸ் ஆஸ்மோசிஸ், சுருக்கமாக ஆர்ஓ.

சொல்வதற்கு எளிது, ஆனால் அழுத்தத்தையும் தாங்கி, போதுமான வேகத்தில் தண்ணீரையும் விடும் சவ்வு கிடைக்காமல் ரொம்ப காலம் இது ஆய்வகத்திலேயே கிடந்தது. 1950களின் கடைசியில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் அந்தச் சவ்வைச் செய்தவர்கள் இரண்டு பேர்: சிட்னி லோப், சீனிவாச சௌரிராஜன். பெயரைப் பார்த்ததும் எனக்குத் திருக்கண்ணபுரம் சௌரிராஜப் பெருமாள்தான் நினைவுக்கு வந்தார். 1965இல் கலிபோர்னியாவில் கொலிங்கா என்ற ஊருக்கு இந்த முறையில் குடிநீர் கொடுக்கத் தொடங்கினார்கள். நம் ஊரில் மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் கடல்நீரைக் குடிநீராக்குவதும் இதே வழியில்தான்.

வித்தியாசம் அழுத்தத்தில். கார் டயரில் 32 பிஎஸ்ஐ காற்று அடிக்கிறோம் இல்லையா, வீட்டு மெஷினுக்கு அதில் இரண்டு மடங்கு, 60 முதல் 80 வரை போதும். கடல்நீருக்கு 800, 1,000 என்று போகும். மாடித் தொட்டியிலிருந்து ஒரு தளம் இறங்கி வரும் தண்ணீருக்கு 5 பிஎஸ்ஐகூடத் தேறாது, அதனால்தான் மெஷினுக்குள் ஒரு பம்ப் உறுமிக்கொண்டிருக்கிறது. கரன்ட் போனால் ஆர்ஓ நின்றுவிடுவதும் அதனால்தான்.

மெஷினில் அந்தச் சவ்வு இருக்கும் உருளைக்குத்தான் மெம்பிரேன் என்று பெயர். பழைய மெம்பிரேன் ஒன்றை ஆக்சா பிளேடால் அறுத்துப் பார்த்தேன். உள்ளே வடிகட்டி மாதிரி எதையோ எதிர்பார்த்தால், பாய் சுருட்டி வைத்ததுபோல் இருந்தது. நடுவில் ஓட்டை போட்ட ஒரு பிளாஸ்டிக் குழாய். அதைச் சுற்றி வழவழப்பான வெள்ளைத் தாள், கொசுவலை மாதிரி ஒரு வலை, மெல்லிய துணி, மறுபடி தாள். தண்ணீர் நுழையும் முனையில் காப்பிப் பொடி நிறத்தில் வழுவழுப்பு, மறுமுனையில் நறநறவென்று வெள்ளைச் சுண்ணாம்பு. உப்பைத் தடுப்பது அந்தத் தாளின் மேலிருக்கும் பாலிஅமைடு பூச்சு, தலைமுடியின் தடிமனில் சில நூறில் ஒரு பங்குதான் இருக்கும். அதில் சல்லடைபோல் ஓட்டைகள் கிடையாது. தண்ணீர் அந்தப் பொருளுக்குள்ளேயே ஊடுருவி மறுபக்கம் வருகிறது. உப்பால் அவ்வளவு சுலபமாக வர முடியாது. ஆனாலும் கொஞ்சம் வரும். நல்ல மெம்பிரேன் 90 முதல் 95 சதவீதத்துக்கு மேல் உப்பை நிறுத்தும்.

அந்தப் பூச்சுக்கு எமன் குளோரின். அதனால் மெம்பிரேனுக்கு முன்னால் கார்பன் ஃபில்டர் வைக்கிறார்கள். அதற்கும் முன்னால் இருக்கும் செடிமென்ட் ஃபில்டர் மண்ணையும் துருவையும் பிடிக்கும். இந்த இரண்டும் விலை குறைந்தவை. காலத்தில் மாற்றினால் விலை கூடிய மெம்பிரேன் பிழைக்கும். மெம்பிரேனுக்குப் பிறகு வரும் யுவி, அதாவது புற ஊதா விளக்கு, தப்பி வரும் கிருமிகளுக்காக.

இனி வாங்குவது. டிடிஎஸ் 300க்குள் இருந்து, ஃபுளூரைடு, நைட்ரேட் பிரச்சினையும் இல்லை என்றால் ஆர்ஓ வேண்டாம், யுவியும், யுஎஃப் என்ற நுண்வடிகட்டியும் சேர்ந்த மெஷின் போதும். கோயம்புத்தூரில் சிறுவாணித் தண்ணீர் வரும் வீட்டில் என் நாத்தனார் ஆர்ஓ மாட்டியிருக்கிறார். அந்தத் தண்ணீரின் ருசிக்கு ஊரே பெருமைப்படும், அதிலிருக்கும் கொஞ்சநஞ்சத்தையும் எடுத்துவிட்டுக் குடிக்கிறார்கள்! 500க்குக் கீழே இருக்கும் இடங்களில் ஆர்ஓவைத் தடை செய்ய வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயமே 2019இல் சொன்னது. 300க்கும் 500க்கும் நடுவில் என்றால் உங்கள் நாக்கைக் கேளுங்கள். அதற்கு மேலே, அதுவும் குக்கர் அடியில் வெள்ளை படிந்து பருப்பு வேகாமல் அடம்பிடிக்கிறது என்றால், யோசிக்காமல் ஆர்ஓ.

மெஷினில் 75 ஜிபிடி என்று போட்டிருப்பார்கள், நாளைக்கு 75 கேலன், சுமார் 284 லிட்டர். நான்கு பேர் குடும்பத்துக்கு அதுவே அதிகம். காப்பர், ஆல்கலைன் என்று ஒட்டியிருக்கும் ஸ்டிக்கருக்கு நான் கூடுதல் காசு கொடுக்க மாட்டேன். ஆனால் இரண்டு விஷயம் கேட்பேன். ஒன்று, உள்ளே இருப்பது 1812 என்ற பொது அளவு மெம்பிரேனா? அது எங்கும் கிடைக்கும். சில கம்பெனிகள் தங்கள் மெஷினுக்கு மட்டும் பொருந்தும் கார்ட்ரிட்ஜ் வைத்திருப்பார்கள், அதில் மாட்டினால் அவர்கள் சொல்வதுதான் விலை. மெஷின் விலையைக் கேட்கும்போதே ஒரு வருட ஃபில்டர் செலவையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இரண்டாவது, உங்கள் தெருவுக்கு சர்வீஸ் ஆள் யார். பக்கத்து வீட்டில் எந்த மெஷின், கூப்பிட்டால் எத்தனை நாளில் வருகிறார்கள் என்பது எந்த விளம்பரத்தையும் விட உபயோகம்.

டிடிஎஸ் கன்ட்ரோலர் பற்றி ஒரு எச்சரிக்கை. ருசிக்காக என்று சொல்வார்கள். நிறைய மெஷின்களில் அது ஒரு சின்னத் திருகுதான். திருகினால் மெம்பிரேனுக்குள் போகாத போர் தண்ணீர் கொஞ்சம் சுத்தமான தண்ணீரில் கலக்கும். ஃபுளூரைடும் நைட்ரேட்டும் அதோடு சேர்ந்து திரும்பி வரும். என் மெஷினில் அதை முழுக்க மூடச் சொல்லிவிட்டேன், தாது உப்பு கொஞ்சம் சேர்க்கும் மினரல் கார்ட்ரிட்ஜ் மட்டும் இருக்கிறது.

மெஷின் வந்த முதல் வாரத்தில் உள்ளே போகும் தண்ணீர், வெளியே வரும் தண்ணீர் இரண்டையும் அளந்து குறித்து வையுங்கள். பதினோராவது மாதம் வந்த சர்வீஸ்காரர் தண்ணீர் நூலாக வருவதைப் பார்த்து, "மெம்பிரேன் போச்சு மேடம்" என்றார். மீட்டரை வைத்தேன்: உள்ளே 1,350, வெளியே 85. கிட்டத்தட்ட 94 சதவீதம் நிறுத்துகிறது, எங்கே போச்சு? செடிமென்ட் ஃபில்டரைக் கழற்றினால் களிமண் உருண்டை மாதிரி இருந்தது. அதை மாற்றியதும் பழையபடி வந்தது. வெளியே வரும் எண் மாதாமாதம் ஏறி 200ஐத் தாண்டினால் அப்போது மெம்பிரேனைப் பற்றிப் பேசலாம்.

வேஸ்ட் தண்ணீர்: சாதாரண வீட்டு மெஷின் ஒரு லிட்டர் கொடுக்க மூன்று லிட்டரை வெளியே தள்ளும். மெம்பிரேனில் தங்கும் உப்பைக் கழுவிக்கொண்டு போவது அந்தத் தண்ணீர்தான், அதனால் மிச்சம் பிடிக்கிறேன் என்று அந்தக் குழாயை நெரிக்காதீர்கள், சீக்கிரமே சுண்ணாம்பு கட்டிவிடும். எங்கள் வீட்டில் நாளைக்கு 15 லிட்டர் எடுத்தால் 45 லிட்டர் வேஸ்ட். அதன் டிடிஎஸ் 1,800ஐ ஒட்டி இருக்கும். பக்கெட்டில் பிடித்துத் தரை துடைக்கவும் கழிவறைக்கும் ஊற்றுகிறோம். மாமியார் இதைத் துளசிக்கு ஊற்றிப் பார்த்தார், மாடத்து மண்ணில் வெள்ளை பூத்து இலை ஓரமெல்லாம் கருகியது. சம்ப்பில் திருப்பி விடுவதும் வேண்டாம், உப்பு சுற்றிச் சுற்றி ஏறிக்கொண்டே போகும்.

உடம்புக்குக் கெடுதலா என்றால், ஆர்ஓ கால்சியத்தையும் மக்னீசியத்தையும் சேர்த்துத்தான் எடுக்கிறது, அது உண்மை. ஆனால் எங்களுக்கு அவை பெரும்பாலும் மோரிலும் கேழ்வரகிலும் கீரையிலும்தான் வருகின்றன, தண்ணீரிலிருந்து வருவது கொஞ்சம். 1,400 டிடிஎஸ் தண்ணீரைக் குடிப்பதா, இதைக் குடிப்பதா என்ற இடத்தில் நான் இதைத்தான் குடிக்கிறேன்.

வாடகை வீடு என்றீர்கள். காலி செய்யும்போது மெஷினைக் கழற்றி மாதக்கணக்கில் பரணில் போட்டுவிடாதீர்கள். ஒருமுறை நனைந்த மெம்பிரேன் காய்ந்தால் மறுபடி சரியாக வேலை செய்யாது. தொட்டியைக் காலி செய்துவிட்டு, மெம்பிரேன் இருக்கும் கூட்டின் இரண்டு முனையையும் அடைத்து ஈரத்தோடு எடுத்துப் போய் இரண்டு மூன்று நாளில் மாட்டிவிடுங்கள். மாட்டுவதற்கு முன்னால் புது வீட்டுக் குழாயில் மீட்டரை வையுங்கள். என் தோழி அப்படி வைத்துப் பார்த்தார், 210 காட்டியது. மெஷினை எங்களுக்குத் தெரிந்த பள்ளிக்கரணைக்காரர் ஒருவருக்கு விற்றுவிட்டார்.