இலையைக் கேட்டா அம்மா யாருன்னு சொல்லும்

கேள்வி: இலையை அரைச்சு அதுல இருக்கிற புரோட்டீனை வச்சே எந்தச் செடிக்கு எந்தச் செடி சொந்தம்னு சொல்லிடலாம்னு பாட்டனி படிக்கிற என் பொண்ணு சொல்றா. பூ, காய் பார்த்துத் தெரியாததா இலையில தெரியப்போகுது? – ஒரு வாசகி, தேனி

பதில்: பொண்ணு சொல்றது சரிதாங்க. பூவையும் காயையும் பார்த்தா ஜாடை தெரியும், ஆனா அம்மா யாரு அப்பா யாருன்னு தெரியாதுல்ல, புகையிலை விஷயத்துல அதையும் இலைதான் சொல்லுச்சு. நாம பயிர் பண்ற புகையிலைக்கு குரோமோசோம் 48, தென் அமெரிக்காவுல ஆண்டிஸ் மலைப் பக்கம் இருக்கிற அதோட காட்டுச் சொந்தங்கள் பலதுக்கும் 24தான், அதனால ரெண்டு காட்டுச் செடி கலந்து பிறந்ததுதான் இதுன்னு ஆராய்ச்சியாளருங்க முன்னாடியே யூகிச்சுட்டாங்க. ஒண்ணு சில்வெஸ்ட்ரிஸ்ங்கிற இனம்னு ஓரளவு தெரிஞ்சுபோச்சு, இன்னொண்ணு எதுன்னுதான் ரொம்ப நாளா இழுபறி.

இங்கதான் ரூபிஸ்கோ வருது. காத்துல இருக்கிற கார்பன் டை ஆக்சைடைப் பிடிச்சுப் போடுற என்சைம், இலையில கரையுற புரோட்டீன்ல பாதி வரைக்கும்கூட இதுவே இருக்கும். இதுல பெரிய துண்டு 8, சின்ன துண்டு 8. பெரிய துண்டுக்கான ஜீன் குளோரோபிளாஸ்ட்ல, அதாவது செல்லுக்குள்ள இருக்கிற பச்சைப் பைகள்ல இருக்கு, புகையிலையில அது அம்மா வழியா மட்டும்தான் வரும். சின்ன துண்டோட ஜீன் நியூக்ளியஸ்ல, அது ரெண்டு பக்கமிருந்தும் வரும். லாஸ் ஏஞ்சலஸ்ல கலிபோர்னியா பல்கலைக்கழகத்துல வைல்ட்மேன் குழு ரூபிஸ்கோவை யூரியா போட்டுப் பிரிச்சு, பிஹெச், அதாவது அமிலத்தன்மை அளவு, படிப்படியா மாறுற ஜெல்லி மாதிரியான ஜெல்லுல கரண்ட் குடுத்து ஓட விட்டாங்க, ஒவ்வொரு துண்டும் தன்னோட சார்ஜ் பூஜ்யமாகிற இடத்துல போய் நின்னுடும். பார்த்தா புகையிலையோட பெரிய துண்டு அச்சு அசலா சில்வெஸ்ட்ரிஸ் மாதிரி, சின்ன துண்டுல ரெண்டு கோடு, ஒண்ணு சில்வெஸ்ட்ரிஸோடது, இன்னொண்ணு டொமென்டோசிஃபார்மிஸ்ங்கிற இனத்தோடது. அம்மா யாரு அப்பா யாருன்னு ஒரே ஜெல்லுல முடிஞ்சுபோச்சு! 1974ல நேச்சர் இதழ்ல வந்துச்சு.

கேள்வி: இப்பதான் டிஎன்ஏ டெஸ்ட் இருக்கே, அப்புறம் காலேஜ்ல இன்னும் ஏன் இதைச் செய்யச் சொல்றாங்க? – அதே வாசகி

பதில்: செலவு கம்மி, சாதாரண லேப்லயே முடிச்சிடலாம், அதான். இன வகைப்பாட்டுக்கு இப்ப டிஎன்ஏதான் முதல் சாட்சி, புகையிலையோட மொத்த டிஎன்ஏவை (ஜீனோமை) 2014ல படிச்சப்பவும் அதே ரெண்டு பெற்றோர்தான் வந்தாங்க. ஆனா ஒண்ணு, காலேஜ்ல வழக்கமா ஓட்டுறது எஸ்டிஎஸ்ங்கிற சோப்பு மாதிரியான கெமிக்கல் போட்ட ஜெல், அது சைஸை வச்சு மட்டும்தான் பிரிக்கும். எந்தச் செடி இலையைப் போட்டாலும் 55 கிலோடால்டன் (புரோட்டீன் எடையோட அலகு) பக்கத்துல ரூபிஸ்கோவோட பெரிய துண்டு தடியா ஒரு நீலக் கோடா உட்கார்ந்துக்கும், அது ரெண்டு செடியிலயும் இருக்குன்னு 'நெருங்கின சொந்தம்'னு எழுதிட்டா அதுல அர்த்தமே இல்ல, பக்கத்துல இருக்கிற சின்னக் கோடுகளையும் அதுவே மறைச்சிடும். அதனாலதான் நிறைய பேர் இலையை விட்டுட்டு விதை புரோட்டீனுக்குப் போயிடுறாங்க, இலைன்னா தளிருக்கு ஒரு மாதிரி, முத்தினதுக்கு ஒரு மாதிரி, தண்ணி இல்லாம வாடினதுக்கு இன்னொரு மாதிரி கோடு வரும்.

பொண்ணு இலையிலதான் செய்யணும்னா, எல்லாச் செடியிலயும் ஒரே பருவத்து இலையாப் பறிக்கச் சொல்லுங்க, பறிச்ச உடனே ஐஸ்ல வச்சு, அரைக்கிறப்போ கொஞ்சம் பிவிபி பவுடர் சேர்க்கணும், இல்லன்னா சாறு பழுப்பாகி ஜெல்லு முழுக்க கோடு தெளிவில்லாம இழுபட்டு நிக்கும்.