டெக்சஸில் எடுத்த டேங்க் ஆபரேட்டர் சான்றிதழ் கலிபோர்னியாவில் செல்லுமா?

கேட்டவர் டல்லாஸ் பக்கம் கேஸ் ஸ்டேஷன் (பெட்ரோல் பங்க்) நடத்துகிறார், அதன் நிலத்தடி டேங்குகளைக் கவனிப்பதற்கான ஏ/பி வகுப்பு ஆபரேட்டர் சான்றிதழ் கையில் இருக்கிறது. கலிபோர்னியாவில் இன்னொரு ஸ்டேஷன் விலைக்கு வந்திருக்கிறது. பழைய சான்றிதழையே அங்கேயும் காட்டலாமா, கடையைப் பார்த்துக்கொள்ளப் போகிற மச்சானையே ஆபரேட்டராகப் போட்டுவிடலாமா என்பதுதான் கேள்வி.

செல்லாது. மச்சானைப் போடலாம், ஆனால் அவர் பரீட்சை எழுதித் தேற வேண்டும். இதற்கு மேல் படிக்க நேரம் இல்லாதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் வாங்கப் போகிறவர் தயவுசெய்து முழுசாகப் படியுங்கள், ஏனென்றால் சான்றிதழ் இதில் சின்ன விஷயம், பணம் போவது வேறு இடத்தில். எனக்கு நிலத்தடி எரிபொருள் டேங்குகளின் கம்ப்ளையன்ஸ் வேலைதான் பிழைப்பு, இந்த இரண்டு மாநிலத்துக் காகிதங்களோடும் தினமும் மல்லுக்கட்டுகிறேன்.

முதலில் இது ஏன் மாநிலத்துக்கு மாநிலம் மாறுகிறது என்று பார்த்துவிடலாம். நிலத்தடி டேங்குகளுக்கான மத்திய சட்டம் 1984-ல் வந்தது, மத்திய சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பான இபிஏ-யின் விதிகள் 1988-ல் வந்தன, துருப்பிடிப்பதற்கும் சிந்துவதற்கும் வழிவதற்கும் தடுப்பு இல்லாத பழைய டேங்குகளை 1998 டிசம்பர் 22-க்குள் மேம்படுத்து, இல்லாவிட்டால் மூடு என்று கெடு வைத்தார்கள். ஆபரேட்டர் பயிற்சி என்ற சமாச்சாரம் 2005 எரிசக்திச் சட்டத்தில்தான் உள்ளே நுழைந்தது, 2012 ஆகஸ்டுக்குள் எல்லா மாநிலமும் அமல்படுத்தியாக வேண்டும் என்றார்கள். பிறகு 2015-ல் விதிகளை இன்னும் இறுக்கினார்கள். இதெல்லாம் குறைந்தபட்சம் மட்டும்தான். நடத்துவது மாநிலங்கள், அவை மத்திய விதியை விடக் கடுமையாக வைத்துக்கொள்ளலாம், தளர்த்த முடியாது. பழங்குடி ரிசர்வேஷன் நிலங்களில் மட்டும் மாநிலத்துக்கு வேலை இல்லை, இபிஏ நேரடியாகவே வரும். அதனால் அரிசோனாவில் நவஹோ நிலத்து எல்லைக்கு உள்ளே ஒரு ஸ்டேஷன், வெளியே ஒரு ஸ்டேஷன் வைத்திருப்பவருக்கு ஒரே மாநிலத்திலேயே இரண்டு எஜமானர்கள்.

ஏ, பி, சி என்ற மூன்று வகுப்பு உங்களுக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் மற்றவர்களுக்காக: ஏ வகுப்பு சட்டப்படி எல்லாம் சரியாக இருக்கிறதா என்று மேலிருந்து பார்ப்பவர், பி வகுப்பு டேங்கையும் கருவிகளையும் நேரில் பராமரிப்பவர், சி வகுப்பு இரவு பதினொரு மணிக்குக் கல்லாவில் நிற்கிற பையன். யாராவது காரில் குழாயைச் செருகியபடியே வண்டியைக் கிளப்பி ஹோஸைப் பிடுங்கிக்கொண்டு போனால் அவசர ஸ்விட்சை அமுக்கி, ஆட்களை நகர்த்தி, 911-க்கு போன் போட வேண்டியவர் அவர்தான். சி வகுப்புக்காரர் வேலைக்கு நிற்பதற்கு முன்பே பயிற்சி முடித்திருக்க வேண்டும், ஏ, பி வகுப்புக்கு மத்திய விதி 30 நாள் தருகிறது. நியூ ஜெர்சியில் வாடிக்கையாளர் தானே பெட்ரோல் போட்டுக்கொள்வதற்கு 1949 முதலே தடை, அதனால் அங்கே பம்ப் பிடிக்கிற ஆட்களுக்கும் இந்தப் பாடம் தெரிந்திருந்தால்தான் நல்லது.

மத்திய விதியில் இந்தச் சான்றிதழுக்குக் காலாவதித் தேதியே கிடையாது. சோதனையில் பெரிய குறை பிடிபட்டால் மறுபடி பயிற்சி எடு, அவ்வளவுதான். டெக்சஸ் அதன் மேல் மூன்று வருடக் கணக்கை வைத்தது: மாநிலச் சுற்றுச்சூழல் துறையான டிசிஇக்யூ அங்கீகரித்த பயிற்சியாளரிடம், வீட்டில் உட்கார்ந்து ஆன்லைனில்கூட, ஏ/பி படித்து முடிக்கலாம், மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். கலிபோர்னியாவில் கதையே வேறு. அங்கே 2005 ஜனவரியிலிருந்தே, அதாவது மத்திய சட்டம் ஆபரேட்டர் பயிற்சியைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே, ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் 'டிசைனேட்டட் ஆபரேட்டர்' ஒருவர் இருக்க வேண்டும் என்று விதி. அவர் ஐசிசி (இன்டர்நேஷனல் கோட் கவுன்சில்) என்ற அமைப்பு நடத்தும் கலிபோர்னியாவுக்கே உரிய பரீட்சையில் தேற வேண்டும், 24 மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். ஐசிசி வேறு சில மாநிலங்களுக்கும் பரீட்சை நடத்துகிறது, அதனால் 'நானும் ஐசிசி எழுதியிருக்கிறேனே' என்று சொல்பவர்களைப் பார்க்கிறேன். அந்தத் தாளில் கலிபோர்னியா என்று இல்லையென்றால் பிரயோஜனம் இல்லை.

இந்த டிசைனேட்டட் ஆபரேட்டர் வெறும் பெயருக்கு இல்லை. 30 நாளுக்கு ஒருமுறை நேரில் வந்து பார்த்து எழுதிக் கொடுக்க வேண்டும், கடையில் வேலை செய்கிறவர்களுக்கு 12 மாதத்துக்கு ஒருமுறை பாடம் நடத்தவும் வேண்டும். பல முதலாளிகள் மாதச் சம்பளம் கொடுத்து வெளியாள் ஒருவரை வைத்துக்கொள்கிறார்கள், ஒரே ஆள் பல ஸ்டேஷன்களைச் சுற்றுவார். என் அபிப்பிராயம், முதல் வருடம் வெளியாளையே வையுங்கள், மச்சான் அவர் பின்னாலேயே நடந்து பார்க்கட்டும். புத்தகம் படித்து பரீட்சை தேறிவிடலாம், ஆனால் சம்ப் (டேங்கின் குழாய் இணைப்புகள் இருக்கும் நிலத்தடிக் குழி) மூடியைத் திறந்ததும் எதைப் பார்க்க வேண்டும் என்பது பார்த்துப் பழகித்தான் வரும்.

அந்தப் பார்வையில் என்ன நடக்கும் என்று சொல்கிறேன். தரையில் இருக்கும் வட்ட மூடியைக் கொக்கி போட்டுத் தூக்கினால் உள்ளே ஸ்பில் பக்கெட், டேங்கர் லாரி ஹோஸைக் கழற்றும்போது சொட்டுவதைப் பிடித்துக்கொள்ளும் சின்னத் தொட்டி. மழைக்குப் பிறகு போனால் பாதித் தொட்டித் தண்ணீர், அதன் மேல் வானவில் மாதிரி எண்ணெய்ப் படலம், மிதக்கும் சிகரெட் துண்டுகள். அதை இறைத்து அப்படியே சாக்கடையில் ஊற்றினால் அதுவே ஒரு தனி வழக்கு, டிரம்மில் பிடித்து முறைப்படி அனுப்ப வேண்டும். அடுத்தது பின் அறையில் சுவரில் மாட்டியிருக்கும், கசிவைக் கண்காணிக்கும் பெட்டி, பெரும்பாலும் வீடர்-ரூட் கம்பெனியுடையதுதான். அலாரம் வரலாற்றை அச்சடித்தால் வரும் காகிதச் சுருளில், எந்தத் தேதியில் எந்த சம்ப்பில் திரவம் தெரிந்தது, எவ்வளவு நேரம் கழித்துச் சரியானது என்று எல்லாம் இருக்கும். கடைப் பையன் பீப் சத்தம் தாங்காமல் பட்டனை அமுக்கிவிட்டு சிகரெட் விற்கப் போயிருப்பான். பெட்டி மறக்காது. கலிபோர்னியாவில் அந்த அலாரம் ஒவ்வொன்றுக்கும் என்ன செய்தீர்கள் என்று ஆபரேட்டர் எழுத வேண்டும், அலாரம் அடித்த சம்ப்பை யாரும் வந்து பார்க்காமல் விட்டிருந்தால் திறந்து பார்க்கவும் வேண்டும்.

இன்ஸ்பெக்டர் வருகையும் வேறு மாதிரி. மத்தியக் கணக்குப்படி மூன்று வருடத்துக்கு ஒருமுறை வந்தால் போதும், டெக்சஸில் நீங்கள் பார்த்திருப்பது அதுதான். கலிபோர்னியாவில் வருடா வருடம். வருவது மாநிலத் தலைநகர் சாக்ரமென்டோவிலிருந்து இல்லை; கூப்பா என்று சொல்லும் உள்ளூர் அமைப்பு, கவுண்டியாக இருக்கலாம், நகரமாக இருக்கலாம், தீயணைப்புத் துறையாகவும் இருக்கலாம். எழுதப்பட்ட விதி ஒன்றுதான், ஆனால் எதைக் கறாராகப் பார்ப்பார்கள் என்பது ஊருக்கு ஊர் மாறும். ஸ்பில் பக்கெட் சோதனை மத்திய விதியில் மூன்று வருடத்துக்கு ஒருமுறை, கலிபோர்னியாவில் 12 மாதத்துக்கு ஒருமுறை. சோதனை செய்யும் டெக்னீஷியனுக்கும் தனி ஐசிசி சான்றிதழ் வேண்டும். பென்சில்வேனியா இன்னொரு தினுசு, அங்கே மாநிலம் சான்றளித்த தனியார் இன்ஸ்பெக்டரை நீங்களே காசு கொடுத்துக் கூப்பிட்டு அறிக்கையை மாநிலத்துக்குக் கொடுக்க வைக்க வேண்டும்.

விதி மீறினால் எரிபொருள் வரத்தை நிறுத்தும் விதமும் வேறு. டெக்சஸில் வருடா வருடம் சுயசான்று கொடுத்து டெலிவரி சர்ட்டிஃபிகேட் வாங்கி ஒட்டி வைக்கிறீர்கள் இல்லையா, அது காலாவதியானால் டேங்கர் டிரைவர் ஹோஸை இறக்கவே கூடாது. கலிபோர்னியாவில் இன்ஸ்பெக்டர் டேங்க் வாயிலேயே சிவப்பு டேக் மாட்டிவிடுவார், பிறகு யாரும் அதில் ஒரு சொட்டு ஊற்றக் கூடாது. இரண்டிலும் முடிவு ஒன்றுதான், கடை திறந்திருக்கும், சமோசா விற்கலாம், பெட்ரோல் இருக்காது.

சரி, இப்போது பணம். கலிபோர்னியா ஏன் இவ்வளவு பிடிவாதம் பிடிக்கிறது என்றால் அதற்கு ஒரு சரித்திரம் உண்டு. 1981-ல் சான் ஹோசேயில் ஒரு சிப் தொழிற்சாலையின் நிலத்தடி டேங்கிலிருந்து கசிந்த கரைப்பான் குடிநீர்க் கிணறு வரை போனது தெரிய வந்தது, 1983-லேயே மாநிலம் சட்டம் போட்டுவிட்டது, வாஷிங்டனுக்கு ஒரு வருடம் முன்னால். பிறகு 1996-ல் சாண்டா மோனிகா நகரம், பெட்ரோலில் கலந்த எம்டிபிஇ என்ற ரசாயனம் நிலத்தடி நீரில் இறங்கியதால் தன் கிணறுகளை மூட வேண்டி வந்தது. அந்த அடி அவர்களுக்கு மறக்கவில்லை. 2014-ல் வந்த சட்டம் ஒற்றைச் சுவர் டேங்குகளை (கசிந்தால் பிடிக்க வெளியே இரண்டாவது சுவர் இல்லாதவை) 2025 டிசம்பர் 31-க்குள் நிரந்தரமாக மூட வேண்டும் என்றது, டேங்கோடு இணைந்த ஒற்றைச் சுவர்க் குழாயும் அதில் சேரும். ஃபுளோரிடா இந்த வேலையை 2009 இறுதிக்குள்ளேயே முடிக்கச் சொன்னது. டெக்சஸில் 2009-க்குப் பிறகு போடும் டேங்குகளுக்குத்தான் இரட்டைத் தடுப்பு கட்டாயம், சான் அன்டோனியோவுக்குக் குடிநீர் தரும் எட்வர்ட்ஸ் நீர்ப்படுகைப் பகுதியில் மட்டும் அதற்கு வெகுகாலம் முன்பே வந்துவிட்டது. அதனால் டல்லாஸில் பழைய ஒற்றைச் சுவர் டேங்கோடு காலத்தை ஓட்டிப் பழகிய கண்ணோடு கலிபோர்னியா ஸ்டேஷனைப் பார்க்காதீர்கள். விலை குறைவாகச் சொல்கிறார்கள் என்றால் முதல் சந்தேகம் மண்ணுக்குக் கீழேதான் போக வேண்டும். தோண்டி எடுத்துப் புதுசு போடுவது பல லட்சம் டாலர் வேலை, கடை மாதக்கணக்கில் மூடிக் கிடக்கும். சின்ன முதலாளிகளுக்கு மாநிலம் ரஸ்ட் என்ற திட்டத்தில் கடனும் மானியமும் தருகிறது, ஆனால் அதற்கு வரிசை உண்டு.

கசிந்துவிட்டால் யார் பணம் கட்டுவது என்பதிலும் இரண்டு மாநிலமும் எதிரெதிர். பெட்ரோல் விற்பவர் ஒரு சம்பவத்துக்கு 10 லட்சம் டாலர் வரை பொறுப்பேற்க முடியும் என்று காட்ட வேண்டும், இது மத்திய விதி. டெக்சஸின் நிவாரண நிதி 1998 டிசம்பர் 22-க்குப் பிறகு தெரியவந்த கசிவுகளுக்குக் கிடையாது, அதனால் அங்கே தனியார் இன்சூரன்ஸ்தான் கதி. கலிபோர்னியாவில் கேலனுக்கு 2 சென்ட் கட்டணம் வாங்கி அதில் ஒரு நிதி நடத்துகிறார்கள், கசிவைச் சுத்தம் செய்த செலவை அதிலிருந்து திரும்பப் பெறலாம். ஆனால் பெர்மிட் முறையாக இல்லாத டேங்குக்குப் பணம் வாங்குவது பெரும் பாடு. விற்பவரின் அலட்சியம் உங்கள் தலையில் விடிவது இங்கேதான்.

வாங்குவதற்கு முன் செய்ய வேண்டியது: ஜியோடிராக்கர் என்ற மாநிலத் தளத்தில் முகவரியைப் போட்டுப் பாருங்கள், அந்த இடத்தில் முன்பு கசிவு பதிவாகியிருந்தால் வழக்கு திறந்திருக்கிறதா, மூடியதா என்று வந்துவிடும். பக்கத்து மனைகளையும் பாருங்கள், அடுத்தவன் டேங்கில் கசிந்தது உங்கள் மண்ணுக்குக் கீழே வந்து கிடக்கலாம். கூப்பா அலுவலகத்தில் அந்த ஸ்டேஷனின் பழைய இன்ஸ்பெக்‌ஷன் அறிக்கைகளைக் கேட்டு வாங்குங்கள், பொதுப் பதிவுதான், தருவார்கள். விற்பவரிடம் கடைசி மூன்று வருடச் சோதனை முடிவுகள், டிசைனேட்டட் ஆபரேட்டரின் மாத அறிக்கைகள், அலாரம் சுருள் எல்லாம் கேளுங்கள். 'ஃபைல் அக்கவுண்டன்டிடம் இருக்கிறது' என்று இழுத்தால் எஸ்க்ரோவில் (பேரம் முடியும் வரை பணத்தை மூன்றாம் ஆளிடம் ஒப்படைக்கும் ஏற்பாடு) கையெழுத்துப் போடாதீர்கள். இரண்டாம் கட்ட மண் பரிசோதனைக்கு (துளையிட்டு மாதிரி எடுத்துச் சோதிப்பது) ஆகும் செலவைப் பார்த்துத் தயங்குகிறவர்கள் உண்டு. மொத்த பேரத்தில் அது கொசுறு.

டீசல் டேங்க் இருந்தால் தனியாக ஒரு வார்த்தை. 2016-ல் இபிஏ வெளியிட்ட ஆய்வில், பார்த்த 42 டீசல் டேங்குகளில் 83 சதவீதத்தில் உள்ளே நடுத்தர அல்லது கடுமையான துரு இருந்தது. ஃபைபர்கிளாஸ் டேங்க் என்றாலும் உள்ளே இருக்கும் உலோகப் பாகங்கள் துருப்பிடிக்கும். டேங்க் அடியில் தண்ணீர் நிற்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

மச்சான் விஷயத்துக்கு வருகிறேன். பரீட்சை ஆங்கிலத்தில், கம்ப்யூட்டரில், படிக்க வேண்டியது மாநில விதிகள். இந்த டேங்க் விதிகளைப் பார்த்துக்கொள்ளும் மாநில வாட்டர் போர்டின் தளத்தில் எல்லாம் இலவசமாகக் கிடைக்கிறது. ஆனால் பரீட்சைக்கும் கடைக்கும் அவர் ஒருவரே ஆள் என்றால், அவர் லீவில் இந்தியா போகும் மாதம் அந்த 30 நாள் அறிக்கையை யார் எழுதுவார் என்று இப்போதே முடிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள். சான்றிதழ் உள்ள இன்னொருவர் பெயரையும் கூப்பாவிடம் கொடுத்து வைக்கலாம்.