சாஃப்ட் டாப் தார் தெருவுல நிக்குது, வீடு பூட்டியிருக்கும்: திருடு போகாம இருக்க என்ன பண்ணலாம்?

கானாடுகாத்தான்ல இருந்து ஒரு அண்ணன் கேட்டிருக்காரு. 2021 மாடல் மஹிந்திரா தார் ஜீப், துணி டாப், டீசல் மேனுவல். வீடு பெருசுதான், ஆனா முகப்புல படி ஏறித்தான் போகணும், அதனால வண்டி தெருவுலதான் நிக்குது. தைப்பூசத்துக்கு வீட்டோட பழனிக்கு நடக்குறாங்க, வர்ற வரைக்கும் வீடு பூட்டியிருக்கும். எவனாவது டாப்ப கிழிச்சு உள்ள ஏறிட்டா என்ன பண்றது, கடையில அலாரமும் ஜிபிஎஸ்ஸும் சேத்து போடச் சொல்றாங்க, போடலாமான்னு கேக்குறாரு.

அண்ணே, மொதல்ல அந்த துணிய மறந்துருங்க. கையில பிளேடு வச்சிருக்கவனுக்கு அது ஒரு நிமிஷ வேலை கூட இல்ல, அதுக்குன்னு பூட்டும் கிடையாது. உள்ள எடுக்குறதுக்கு ஒண்ணும் இல்லாம வச்சுக்கங்க, வெறும் பை கூட வேணாம், பையப் பாத்துதான் கிழிப்பான். நாம தடுக்க வேண்டியது உள்ள ஏறுனவன் வண்டிய கிளப்பிட்டு போறத.

அலாரம் வேஸ்ட். அதுல இருக்குறது அதிர்ச்சி சென்சார், துணிய பிளேடால கிழிச்சா வண்டி அதிராது, சத்தமே வராது, ஆனா ராத்திரி காத்துக்கு டாப் படபடன்னு அடிச்சா ஊரையே எழுப்பும், ரெண்டு நாள்ல நீங்களே ஆஃப் பண்ணிடுவீங்க. ஜிபிஎஸ் வைக்கலாம், ஆனா சிம் யாரு பேர்ல இருக்கு, ரீசார்ஜ் எப்ப முடியுதுன்னு கேட்டு எழுதி வாங்குங்க.

எனக்கு இந்த ஆக்சசரிஸ் கடைக்காரங்க மேல வர்ற கோவம் கொஞ்சநஞ்சம் இல்ல. ரகசிய சுவிட்ச் வைக்கிறேன்னு கம்பெனி வயரிங்க வெட்டிடுறாங்க. காரைக்குடியில என்கிட்ட வந்த ஒரு வண்டிய டேஷ்போர்ட் கழட்டி பாத்தா நாலு வயர வெறுமனே முறுக்கி டேப் சுத்தியிருக்கான், சால்டரிங் கூட இல்ல, டேப் சூட்டுல இளகி கையில பிசுபிசுன்னு ஒட்டுது, ஒரு வயர் பழுப்பா கருகியே போச்சு. தீ பிடிச்சிருந்தா யாரு பொறுப்பு? வாரண்டியும் போகும், இன்சூரன்ஸ்காரனும் அதத்தான் காட்டுவான். எந்த வயரையும் வெட்ட விடாதீங்கண்ணே.

வெட்டாமலே செய்யலாம். பானெட்டுக்குள்ள ஃபியூஸ் பாக்ஸ் இருக்கு, அதுல சொருகியிருக்குற குட்டி சுவிட்ச் பெட்டிங்கதான் ரிலே, எந்த ரிலேய எடுத்தா இன்ஜின் ஸ்டார்ட் ஆகாதுன்னு சர்வீஸ் சென்டர்ல கேட்டு, அங்கயே கழட்டி சாவி போட்டு பாத்துருங்க. தீப்பெட்டி சைசு கூட இருக்காது, அத பையில போட்டு பழனிக்கு எடுத்துட்டு போங்க. ஸ்டியரிங்குக்கு கீழ சர்வீஸ்ல கம்ப்யூட்டர் மாட்டுற சாக்கெட் இருக்கும், இப்ப திருடுறவன் அதுல மிஷின மாட்டி புது சாவியவே வண்டிக்கு பழக்கிடுறான், அதுக்கு இரும்பு மூடி பூட்டு கிடைக்குது, போடுங்க. கூட ஒரு கியர் லாக். மூஞ்சிய சுவத்துப் பக்கம் வச்சு, ஸ்டியரிங்க முழுசா ஒடிச்சு, ஃபோர் லோல, அதாவது நாலு சக்கரமும் சேந்து இழுக்குற லோ கியர்ல போட்டு, கியர்லயே நிறுத்துங்க, நாலு சக்கரமும் பிடிச்சுக்கும், கட்டி இழுக்குறதும் லேசுல முடியாது. ஸ்டெப்னிக்கு லாக் நட்.

ஒண்ணு மட்டும் சொல்லிடுறேன், நம்ம பக்கம் மஹிந்திராவோட பழைய மேஜர், 540 ஜீப் நிறைய பேர் வச்சிருக்காங்க, அவங்க இந்த ரிலே வேலைய நம்பாதீங்க. அந்த டீசல் இன்ஜின் ஓடுறதுக்கு கரண்டே வேணாம். பேட்டரியவே கழட்டி வீட்டுக்குள்ள வச்சாலும் ரெண்டு பேர் தள்ளி செகண்ட் கியர்ல விட்டா பிடிச்சுக்கும். சாவி வெறும் சுவிட்ச்தான், இன்ஜின நிறுத்துறதே டீசல மறிச்சுத்தான். அதனால அதுக்கு டீசல் லைன்ல பூட்டுற மாதிரி ஒரு வால்வு வேணும், அதுவும் கண்ணுல படாத எடத்துல. பேட்டரி கட் ஆஃப் போட்டா போதும்னு சொல்றவன்கிட்ட வண்டிய விடாதீங்க. பானெட் கிளாம்புக்கும் பூட்டு போடுங்க, வெளியில இருந்தே திறந்துடலாம்.

இப்ப பேப்பர். தேர்ட் பார்ட்டி மட்டும் இருந்தா திருட்டுக்கு ஒரு பைசா வராது. ஒரிஜினல் ஆர்சி, ஸ்பேர் சாவி எதையும் வண்டியில வைக்காதீங்க, க்ளைம்ல ரெண்டு சாவியும் கேப்பாங்க. ஒண்ணு தொலைஞ்சிருந்தா கிளம்புறதுக்கு முன்னாடியே கம்பெனியில புதுசு வாங்கி பில்ல பத்திரமா வைங்க. "ஒரு சாவி போதும், நான் பேசிக்கிறேன்"னு சொல்ற ஏஜென்ட நம்பாதீங்க, க்ளைம் நின்னா போன எடுக்க மாட்டான்.

திருடு போச்சுன்னா அன்னைக்கே ஸ்டேஷனுக்கு போகணும். நீங்க நடையில இருந்தா வீட்டு மனுஷங்க யாராவது போகலாம். சிஎஸ்ஆர் ரசீத, அதாவது புகார் வாங்கிக்கிட்டோம்னு குடுக்குற சீட்ட மட்டும், கையில குடுத்து அனுப்பப் பாப்பாங்க, க்ளைமுக்கு அது பத்தாது, எஃப்ஐஆர்தான் வேணும். என் கஸ்டமர் ஒருத்தர ஒரு ஸ்டேஷன்ல பதினோரு நாள் நடக்க விட்டாங்க, வண்டிய பறிகுடுத்தவன் எதுக்குண்ணே அலையணும்? போடலன்னா சிவகங்கை எஸ்பிக்கு பதிவு தபால்ல புகார அனுப்புங்க, சட்டத்துலயே அதுக்கு எடம் இருக்கு. இன்சூரன்ஸுக்கும் அன்னைக்கே போன் பண்ணி மெயிலும் போட்டுருங்க. எஃப்ஐஆர் உடனே போட்டிருந்தா, கம்பெனிக்கு லேட்டா சொன்னத மட்டும் காரணமா வச்சு க்ளைம மறுக்கக் கூடாதுன்னு 2020ல சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கு, அதுக்கப்புறமும் லேட்னு சொல்லி மறுத்து லெட்டர் அனுப்புறாங்க, பயப்படாதீங்க. கடைசியா போலீஸ்ல வண்டி கிடைக்கலன்னு சர்டிபிகேட் வாங்கணும், அதுக்கு மாசக்கணக்குல ஆகும், எஃப்ஐஆர் நகல நாலு காப்பி எடுத்து வச்சுக்கங்க.