டர்போபிராப் எஞ்சின் (விமானத்தின் புரொப்பல்லரைச் சுழற்றும் டர்பைன் எஞ்சின்) பேட்டரியிலேயே ஸ்டார்ட் ஆகும் என்றால், தரை மின்சாரம் (தரையில் நிற்கும் விமானத்துக்கு வெளியிலிருந்து இணைக்கும் மின்சாரம்) எதற்கு?

பேட்டரி போதும் என்பது சரிதான். நல்ல பேட்டரியாக இருக்க வேண்டும், அவ்வளவே. சார்ஜ் இறங்கிப்போன பேட்டரியை வைத்து முயன்றால் என்ன நடக்கும் என்பதைத்தான் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். காரைப் போல "கிளம்பவில்லை" என்று முனகிவிட்டு நின்றுவிடும் என நினைக்கிறார்கள். டர்பைன் அப்படி நிற்காது. தீ பற்றிக்கொள்ளும், ஆனால் தன் உள்ளுறுப்புகளைத் தானே வேகவைக்கும்.

ஸ்டார்ட்டர், காற்றை உள்ளிழுத்து அழுத்தும் கம்ப்ரசரைச் சுழற்றுகிறது. அது இழுக்கும் காற்றில் ஒரு பகுதிதான் எரிவதற்கு. பெரும்பகுதி வெப்பத்தைத் தணிப்பதற்கு. செஸ்னா கேரவன் என்ற சிறிய விமானத்தில் உள்ள பிடி6 வகை டர்போபிராப் எஞ்சினில் கம்ப்ரசர் வேகம் குறைந்தது 12 சதவீதத்தைத் தொட்ட பிறகுதான் எரிபொருளைத் திறக்க வேண்டும். தீ பற்றியதும் ஸ்டார்ட்டரின் வேலை முடிந்துவிடுவதில்லை. எஞ்சின் தானே ஓடும் வேகத்தை எட்டும்வரை அது தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். இந்த இடைவெளியில் பேட்டரி தளர்ந்தால் காற்று குறையும், வெப்பநிலை பாயும். கேரவனில் வரும் பிடி6ஏ-114ஏ வகை எஞ்சினுக்கு ஸ்டார்ட்டின்போது அனுமதிக்கப்பட்ட உச்சம் 1090 டிகிரி செல்சியஸ், அதுவும் 2 விநாடிகள் மட்டும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. வெப்பநிலை எல்லையை மீறப்போவதாகத் தெரிந்தால், எரிபொருளை மூடிவிட்டு ஸ்டார்ட்டரைத் தொடர்ந்து சுழலவிட்டுக் குளிர்விக்க வேண்டும். ஏற்கெனவே சோர்ந்துபோன பேட்டரி அந்த நேரத்தில் எங்கிருந்து வலுவைக் கொண்டுவரும்?

வோல்ட் மீட்டர் 24 காட்டுகிறது என்று நம்பிவிடாதீர்கள். சும்மா இருக்கும்போது 24 காட்டும் பழைய பேட்டரி, ஸ்டார்ட்டர் நூற்றுக்கணக்கான ஆம்பியர் கேட்டதும் சரிந்துவிடும். நான் வோல்ட் மீட்டரைவிட, கம்ப்ரசர் வேகம் எவ்வளவு சுறுசுறுப்பாக ஏறுகிறது என்பதையே நம்புவேன்.

எஞ்சின் வகையும் முக்கியம். பிடி6-இல் புரொப்பல்லருக்குத் தனி டர்பைன் என்பதால் ஸ்டார்ட்டர் அதை இழுக்க வேண்டியதில்லை. டிபிஇ331 என்ற இன்னொரு டர்போபிராப் எஞ்சின் ஒரே தண்டில் இயங்குவது. கியர், புரொப்பல்லர் எல்லாவற்றையும் சேர்த்தே சுழற்ற வேண்டும். அதனால்தான் அந்த எஞ்சின் பொருத்திய சில விமானங்களில் இரண்டு பேட்டரிகளைத் தொடராக இணைத்து 48 வோல்ட் தரும் ஏற்பாடு உண்டு.

கடும் குளிர், அடுத்தடுத்த ஸ்டார்ட், எஞ்சின் ஓடாமல் நீண்ட நேரம் மின்கருவிகளைப் பயன்படுத்திய நிலை: இவற்றில் தரை மின்சாரத்தையே தேர்ந்தெடுப்பேன். தொடர் ஸ்டார்ட்டுகளால் நிக்கல்-காட்மியம் பேட்டரி சூடேறிக் கட்டுக்கடங்காமல் போகும் அபாயமும் இருக்கிறது.

ஆனால் தரை மின்சாரம் தரும் வண்டி மோசமானதாக இருந்தால், அது பேட்டரியைவிட ஆபத்தானது. இணைக்கும் முன் 28 வோல்ட் நிலையாக வருகிறதா, துருவங்கள் சரியா, விமானக் கையேடு சொல்லும் ஆம்பியரை அதனால் தர முடியுமா என்று பாருங்கள். மின்னோட்டத்துக்கு மேல்வரம்பும் வைத்திருக்க வேண்டும். அளவுமீறிப் பாயும் மின்னோட்டம் ஸ்டார்ட்டரின் தண்டையே முறித்துவிடக்கூடும்.