உங்கள் ஆடைத் தொழிலுக்குப் பணம் கேட்கப் போகும்போது, முதலீட்டாளர்கள் ரிட்டர்ன் (வாங்கியவர்கள் திருப்பி அனுப்பும் ஆடைகள்), நஷ்டம் பற்றியே கேட்கிறார்கள் என்றால்

பிட்ச் டெக்கை (முதலீட்டாளர்களுக்குக் காட்டும் ஸ்லைடுகளை) மாற்ற வேண்டாம், பதிலை மாற்றுங்கள். "ரிட்டர்னை எப்படிச் சமாளிப்பீர்கள்?" என்றால், ரிட்டர்ன் விகிதத்தை மறைக்காமல் ஒரே வரியில் சொல்லுங்கள். அப்புறம் சைஸ் சார்ட்டைத் திருத்தியபின் மறுபடி வாங்குபவர்கள் எவ்வளவு கூடினார்கள் என்பதற்குப் போய்விடுங்கள்.

அவர்கள் இப்படிக் கேட்பதற்கு, நீங்கள் பெண் என்றால், அதுவும் காரணமாக இருக்கலாம். டெக்கிரஞ்ச் டிஸ்ரப்ட் என்ற ஸ்டார்ட்-அப் போட்டி மேடையில் தொழில் தொடங்கியவர்களிடம் கேட்ட கேள்விகளை ஆராய்ந்து ஆய்வாளர் டானா கான்ஸே குழு 2017-இல் எழுதியது: ஆண்களிடம் பெரும்பாலும் வளர்ச்சியைப் பற்றிக் கேட்டார்கள், பெண்களிடம் நஷ்டத்தைத் தவிர்ப்பது பற்றி. தற்காப்பாகவே பதில் சொன்னவர்களுக்குக் கிடைத்த பணமும் குறைவு. எரிச்சலான விஷயம்தான்.

கடைசிச் சந்திப்புகளின் கேள்விகளை வளர்ச்சி, நஷ்டம் என்று பிரித்து எழுதிப் பாருங்கள்.

ஆனால் ரிட்டர்ன் நிஜமாகவே அதிகம் என்றால் இது எடுபடாது. ஒரே சைஸ்தான் திரும்பி வருகிறதா என்று பார்த்து, முதலில் துணி வெட்டும் பேட்டர்னைச் சரிசெய்யுங்கள்.